பழைய தேக்குக்குப் பக்கத்தில் புது பிளைவுட் – நிறம் சேர்ப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவர்)



நம் பாடப் புத்தகத்தில் மரம் பற்றி ஒரு பாடம் உண்டு. மரத்தைப் பதப்படுத்துவது, மரத்தின் குறைகள், பிளைவுட் வகைகள் எல்லாவற்றையும் படிக்கிறோம், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு பழைய வீட்டில் வேலைக்கு நிற்கும்போது, அந்த வீட்டு ஆச்சி வந்து, "தம்பி, இந்த நிலைக்கதவு கலரு மாதிரியே அந்தப் புது அலமாரிக்கும் வேணும்ப்பா" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? அதற்கான பதிலை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நம் பக்கத்தில் இந்தக் கேள்வி ஏன் அடிக்கடி வருகிறது?

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்த ஊர். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மலையாள நாட்டு மரவேலையின் சாயல் தெரியும். மரத் தூண், மச்சு, கனத்த நிலை, சித்திர வேலை செய்த கதவு. தேக்கு, பலா, அயனி, தோதகத்தி என்று மரமும் பலவகை. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் 1877-ல் கட்டி முடித்த தொங்கு பாலத்துக்கு நடைபாதைப் பலகையாகப் போட்டது கோங்கு. மலையாளத்தில் கம்பகம் என்பார்கள். மழையிலும் வெயிலிலும் நிற்கும் மரம் எது என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று அப்படிப்பட்ட வீட்டைப் புதுப்பிக்கிற குடும்பத்தார் முழுத் தேக்கில் அலமாரி செய்ய நினைத்தாலும் விலை விடாது. எனவே பிளைவுட். குற்றாலத்தில் சீசனுக்கு முன்னால் லாட்ஜ் அறைகளைப் பழுது பார்க்கும்போதும் இதே கதைதான். பழைய நிலை நிற்கும், பக்கத்தில் புதுப் பலகை வரும். இரண்டும் ஒட்டாமல், பழைய வேட்டியில் புதுத் துண்டு போட்டுத் தைத்த மாதிரி பல்லை இளிக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். "கலர் சேரல" என்று சொல்லிப் பாலிஷ்காரரின் கூலியைப் பிடிப்பது சாதாரணமாக நடக்கிறது. வீட்டுக்காரர் மனதில் இருந்த கலர் வேறு, பாலிஷ்காரர் புரிந்துகொண்டது வேறு. இருவரில் யார் சரி என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை. இதில் எப்போதும் தோற்பது கூலிக்காரர்தான். கலர் சேர்ப்பதை ஒரு முறையான வேலையாக ஆக்கினால் அந்தச் சண்டையே வராது.

2. பழைய மரத்தின் நிறம் எங்கிருந்து வந்தது?

புதிதாக அறுத்த தேக்கில் பொன்னிறமும் பச்சை கலந்த கருங்கோடுகளும் தெரியும். வெளிச்சமும் காற்றும் பட்டால் கொஞ்ச நாளில் அது ஒரே சீரான பழுப்புக்கு வந்துவிடும். பலா அறுத்த அன்று பளீர் மஞ்சள். வருஷம் போகப் போகச் செம்பழுப்பு. மரத்துக்குள் இருக்கும் லிக்னின் என்ற பொருளும், மரச்சாறில் உள்ள சாயப் பொருட்களும் வெளிச்சத்தாலும் ஆக்சிஜனாலும் மாறுவதே இதற்குக் காரணம்.

இதற்கு மேல் மனிதர் சேர்த்த நிறம் வேறு. விறகடுப்புப் புகை, விளக்கு எண்ணெய், கைப்பிடி அருகே தலைமுறை தலைமுறையாகப் பட்ட கை வியர்வை, தீபாவளிக்குத் தீபாவளி அடித்த வார்னிஷ். ஆக நாம் பார்க்கும் நிறம் மரம், பூச்சு, அழுக்கு என மூன்று அடுக்கு. இதில் அழுக்கைப் பார்த்துக் கலர் கலக்கக் கூடாது. நாளைக்கு வீட்டுக்காரர் கதவைத் துடைத்துவிட்டால் நம் அலமாரி மட்டும் கறுப்பாக நிற்கும்.

3. பிளைவுட் ஏன் அடம் பிடிக்கிறது?

பிளைவுட்டின் மேல் தாள் பெரும்பாலும் மரத்தடியைச் சுழலவிட்டு நீளக் கத்தியால் உரித்து எடுத்தது. சுருட்டிய பாயை விரிப்பது போல மரம் விரிந்து வரும். அதனால் ரேகை அகலமாக, அலை அலையாக இருக்கும். பலகையாக அறுத்த தேக்கின் ரேகை அதில் வராது. கலர் எவ்வளவு சேர்ந்தாலும் ரேகை காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, உரிக்கும்போது தாளின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் விழும். அந்த இடம் சாயத்தை அதிகமாகக் குடிக்கும். திட்டுத் திட்டாகக் கறுப்பது இதனால்தான். மூன்றாவது, உள்ளேயிருந்து பசை கசிந்து மேலே வந்த இடத்தில் சாயம் ஏறவே ஏறாது. நான்காவது, மேல் தாள் மிக மெல்லியது. பல சரக்குகளில் அரை மில்லிமீட்டர்கூட இராது. மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரு நொடியில் அடுத்த தாள் தெரிந்துவிடும். பிறகு அந்தப் பலகையைத் திருப்பிப் போட வேண்டியதுதான்.

4. முதலில் பழைய மரத்தைப் படியுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

(அ) கதவின் மறைவான ஒரு மூலையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்த பின் தெரிவதுதான் உண்மையான நிறம்.

(ஆ) அதே மூலையில் பழைய பூச்சு என்ன என்று பாருங்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுப்பாக இளகினால் அது செல்லாக், அதாவது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பி.யூ. இவற்றில் ஒன்று. ஸ்பிரிட்டை முதலிலும் தின்னரைப் பிறகும் வைக்க வேண்டும். தின்னர் அரக்கையும் கெடுக்கும் என்பதால் வரிசை மாறினால் பதில் குழம்பிவிடும்.

(இ) கதவின் பளபளப்பைக் கவனியுங்கள். ஒரே கலர் பளபளப்பாக இருந்தால் ஆழமாகவும், மங்கலாக இருந்தால் வெளுப்பாகவும் தெரியும். கலர் சேர்ந்தும் மினுக்கம் சேராமல் கெட்டுப்போன வேலைகள் நிறைய.

5. எந்தப் பலகை வாங்குவது?

பழைய மரம் தேக்கு என்றால் மேல் தாள் தேக்கு ஒட்டிய பலகையே வாங்கச் சொல்லுங்கள். கடையில் டீக் பிளை என்று கேட்டால் கொடுப்பார்கள். இந்திய தர நிர்ணயத்தில் இது ஐ.எஸ். 1328. ரேகை பாதி வேலையை முடித்துவிடும், சாயம் மீதியைச் செய்யும்.

சாதாரண கமர்சியல் பிளை ஐ.எஸ். 303. மெரைன் பிளை ஐ.எஸ். 710. இவற்றின் மேல் தாள் பலவகை. முன்பு பர்மாவிலிருந்து வந்த குர்ஜன் மரத்தில் செய்த சிவப்புத் தாள் எங்கும் கிடைத்தது. மியான்மர் அரசு 2014 ஏப்ரலில் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திய பிறகு வேறு மரத் தாள்களும் அதிகமாகப் புழங்குகின்றன. எனவே "போன வருஷம் இதே கலவைதானே போட்டோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்க முடியாது. ஒரே வேலைக்கு வேண்டிய பலகைகளை ஒரே லாட்டில் வாங்குவது நல்லது. வாங்கும்போதே ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துப் பாருங்கள். பூச்சு ஏறினால் பலகை எந்த நிறம் காட்டும் என்பது அப்போதே ஓரளவு தெரிந்துவிடும்.

6. நிறக் கணக்கு

சாயத்தில் இரண்டு வகை. ஒன்று மரத்துக்குள் கரைந்து இறங்கும் சாயம். ரேகையைத் தெளிவாகக் காட்டும், ஆனால் பல சாயங்கள் வெயிலில் வெளுக்கும். இன்னொன்று நிறமண். காவி, மஞ்சள் காவி, அம்பர் போன்ற இவை மரத்தின் துளைகளில் தங்கும், எளிதில் வெளுக்காது. அஜந்தா ஓவியங்களில் இன்றும் நிற்பது இதே காவி மண்தான். மஞ்சள் வேண்டும் என்று சமையல் மஞ்சளைக் கரைத்து அடிப்பவர்கள் உண்டு. அது வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். மஞ்சள் காவியே சரி.

நிறத்தைத் திருத்த மூன்று விதி போதும். சிவப்பு அதிகமானால் துளி பச்சை, அல்லது பச்சைச் சாயல் உள்ள ரா அம்பர். மஞ்சளும் ஆரஞ்சும் அதிகமானால் துளி கறுப்பு அல்லது நீலம். எல்லாம் சரி, வெளுப்பாக மட்டும் இருக்கிறது என்றால் அதே கலவையில் இன்னொரு கை. கறுப்பைக் கண்டால் மட்டும் பயப்படுங்கள். உப்பு மாதிரி அது, போட்டால் எடுக்க முடியாது.

இரும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும். கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானினும் அன்னபேதியின் இரும்பும் கூடுவதால் வரும் கறுப்பு அது. குற்றாலத்து ஈரத்தில் பழைய கதவின் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழுவதும் இதே ரசாயனம்தான். ஆகவே நீர்ச் சாயம் போடும் வேலையில் இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். உடைந்த இரும்புத் துகள் மரத்தில் தங்கி, பிறகு புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பாலிஷ் வேலை செய்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. கலவையை அளக்கவே மாட்டார். "கண்ணு சொல்லும், கை போடும்" என்பார். சென்ற லீவில், நம் லேபில் ரீடிங் எடுப்பது போல அவர் வேலையை ரீடிங் எடுத்துப் பார்த்தேன். அவர் டப்பாவில் போடுவதற்கு முன்னும் பின்னும் காவிப் பொட்டலத்தை எடை பார்த்தேன். மூன்று வெவ்வேறு நாள், மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் 40 கிராமுக்கு ஒன்றிரண்டு கிராம்தான் கூடக் குறைய வந்தது. அவரிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியுமேடே, நீ எதுக்குத் தராசைத் தூக்கிட்டு அலையுத?" என்றார்.

அவருக்குத் தெரிந்தது அவர் கையோடு இருக்கிறது. அது காகிதத்தில் ஏறினால்தான் அடுத்த ஆளுக்குப் போகும், வீட்டுக்காரரிடமும் ஆதாரமாக நிற்கும். டிப்ளமோ படிக்கிற நம்மால் இந்தத் தொழிலுக்குச் செய்ய முடிந்த உதவி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை அவர்களுடையது, கணக்கு நம்முடையது.

7. மாதிரிப் பலகை – இதுதான் முக்கியம்

வேலைக்கு வாங்கிய அதே பலகையிலிருந்து அரை அடி அகலம், 4 அடி நீளத்தில் ஒரு துண்டு அறுத்துக்கொள்ளுங்கள். அதை 1 அடிக்கு ஒன்றாக 4 கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டமும் அரை சதுர அடி.

கடையில் டீக், வால்நட், ரோஸ்வுட் என்ற பெயர்களில் ஸ்டெய்ன் கிடைக்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்க வேண்டும். எண்ணெய் ஸ்டெய்னில் நீர் ஸ்டெய்னைக் கலந்தால் திரிந்துபோகும். அளக்க மருந்துக் கடை சிரிஞ்ச் போதும்.

கட்டம் 1: டீக் 10 மி.லி. மட்டும்
கட்டம் 2: டீக் 10 மி.லி., வால்நட் 1 மி.லி.
கட்டம் 3: டீக் 10 மி.லி., வால்நட் 2 மி.லி.
கட்டம் 4: டீக் 10 மி.லி., வால்நட் 3 மி.லி.

ஒவ்வொரு கட்டத்திலும் இடது பாதி ஒரு கை, வலது பாதி இரண்டு கை. ஆக எட்டு நிறம் கிடைக்கும். இதில் எது கிட்டே வருகிறதோ அதை எடுத்து, மேலே சொன்ன மூன்று விதிப்படி துளித் துளியாகத் திருத்துங்கள். இந்த அளவுகள் தொடங்குவதற்கு ஒரு வழிதான். பலகைக்குப் பலகை விடை மாறும்.

காய்ந்த பின் மேல் பூச்சும் கட்டாயம் அடித்துத்தான் பார்க்க வேண்டும். பூச்சு ஏறினால் நிறம் ஆழமாகும். வெறும் ஸ்டெய்னைப் பார்த்து முடிவு செய்தால் கடைசியில் ஒரு படி கறுத்துப்போகும்.

பிறகு துண்டைப் பழைய கதவின் மேல், கதவு நிற்கும் வாக்கிலேயே நிறுத்திப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, இரவு விளக்கில் ஒரு தடவை. வெயிலில் சேரும் இரண்டு நிறம் எல்.இ.டி. வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது உண்டு. அறையில் எந்த வெளிச்சம் அதிக நேரம் இருக்குமோ அதற்கே முதலிடம்.

வீட்டுக்காரர் "இதுதான் வேணும்" என்று கைகாட்டிய கட்டத்தின் பின்புறம் கலவை அளவு, எத்தனை கை, எந்த நம்பர் உப்புத்தாள், தேதி எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு கூலியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தத் துண்டுப் பலகையே பேசும்.

ஒரு சின்னக் கணக்கு. அரை சதுர அடிக்கு ஒரு கைக்கு 3 மி.லி. செலவானால் சதுர அடிக்கு 6 மி.லி. 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒரு பக்கம் 32 சதுர அடி. 32 × 6 = 192 மி.லி. சேதாரத்துக்குக் கால் பங்கு, 48 மி.லி. கூட்டினால் 240 மி.லி. மொத்த வேலைக்கும் இப்படிக் கணக்குப் போட்டு ஒரே டப்பாவில் கலக்கிவிடுங்கள். நடுவில் தீர்ந்து மறுபடி கலக்கினால் அதே நிறம் வருவது கஷ்டம். அடியில் நிறமண் தங்கும், வேலை நடக்கும்போது அடிக்கடி கிண்டிவிடவும்.

8. வேலை வரிசை

(1) 120 நம்பர், பிறகு 180 நம்பர் உப்புத்தாள். கையால், ரேகை ஓடும் திசையில் மட்டும். மாதிரிக்குத் தேய்த்த அதே நம்பரில் நிறுத்துங்கள். இன்னும் வழவழப்பாகத் தேய்த்தால் சாயம் குறைவாக ஏறும்.

(2) தூசியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, திட்டு விழாமல் இருக்க மெல்லிய அரக்குக் கை ஒன்று. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் செல்லாக் கரைத்து, அந்தக் கரைசல் ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஸ்பிரிட் சேர்த்தால் போதும். இதற்கு மேல் எண்ணெய் ஸ்டெய்னோ நீர் ஸ்டெய்னோதான் போட வேண்டும். ஸ்பிரிட் ஸ்டெய்ன் போட்டால் கீழே உள்ள அரக்கையே கரைத்துவிடும். மாதிரித் துண்டுக்கும் இதே அரக்குக் கை கொடுத்திருக்க வேண்டும்.

(3) பலகையின் ஓரம் தண்ணீர் குடிக்கிற மாதிரி சாயத்தைக் குடிக்கும். ஓரத்துக்குத் தேக்கு பீடிங் அடிப்பதே நல்லது. பீடிங் தேக்கு, முகம் வேறு தாள் என்றால் பீடிங்குக்குத் தனி மாதிரி பார்க்க வேண்டும்.

(4) ஸ்டெய்னைத் துணியால் தடவி, மிச்சத்தை ரேகை வாக்கில் துடைத்து எடுங்கள். ஒரு பலகையைப் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் கோடு விழும்.

(5) நன்றாகக் காய்ந்த பின் சீலர். 320 நம்பரில் மிக லேசாக ஒரு தேய். பிறகு பழைய கதவின் மினுக்கத்துக்கு ஏற்ற மேல் பூச்சு.

(6) இத்தனைக்குப் பிறகும் ஒரு இழை குறைந்தால், மேல் பூச்சிலேயே துளி சாயம் கலந்து ஒரு கை கொடுக்கலாம். அதனால்தான் எப்போதும் ஒரு படி வெளுப்பாகவே நிறுத்த வேண்டும். கறுப்பாக்க வழி உண்டு, வெளுப்பாக்க வழி இல்லை.

கண்ணை ஏமாற்றவும் ஒரு வழி உண்டு. பழைய நிலையும் புதுப் பலகையும் ஒட்டிக்கொண்டு நின்றால் சிறு வித்தியாசமும் தெரியும். நடுவில் 3 மி.மீ. பள்ளமோ ஒரு கறுத்த பீடிங்கோ விட்டால் தெரியாது. மழைக்காலத்தில் பழைய நிலை ஊதும்போது அந்தப் பள்ளம் இடமும் கொடுக்கும். வரைபடம் போடுகிற ஆள் நாமாக இருந்தால் இதை டிராயிங்கிலேயே காட்டிவிடலாம்.

9. சாரல் காலத்தில்

ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் நமக்குக் கொண்டாட்டம். பாலிஷ் வேலைக்குத் திண்டாட்டம். செல்லாக்கும் என்.சி. லாக்கரும் காயும்போது ஸ்பிரிட், தின்னர் வேகமாக ஆவியாகிப் பலகையின் முகத்தைக் குளிர வைக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து, பூச்சு பால் ஊற்றியது போல வெளுக்கும். கலர் எவ்வளவு சரியாக இருந்தும் அன்றைக்குப் பாழ். சாரல் விட்டு வெயில் வரும் மதிய நேரம் பார்த்து அடிப்பது, மெதுவாகக் காயும் தின்னர் சேர்ப்பது, மெல்லிய கையாகக் கொடுப்பது ஆகியவை உதவும். எல்லாவற்றையும் விட, லாட்ஜ் வேலையைச் சித்திரையிலேயே முடிப்பது நல்லது.

தேக்குத் தாள் வெளிச்சத்தில் இன்னும் மாறும் என்பதையும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவகாசம் இருந்தால் மாதிரித் துண்டைப் பாதி மூடி, பாதி திறந்து ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

10. உடம்பைப் பார்த்துக்கொள்ள

ஆளி விதை எண்ணெய் கலந்த ஸ்டெய்ன் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பாலிஷ் ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம். அது கண்ணைக் குருடாக்கும், உயிரைக் குடிக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது மகா தவறு. மரத்தைக் கறுக்கவைக்கச் சிலர் பயன்படுத்தும் பொட்டாசியம் டைகுரோமேட் புற்றுநோய் தரக்கூடியது. அது இல்லாமலே எந்த நிறமும் கொண்டுவரலாம், தொடவே வேண்டாம். தின்னரில் கை கழுவுவதும், கதவை அடைத்துக்கொண்டு லாக்கர் அடிப்பதும், மூக்கில் துணிகூடக் கட்டாமல் உப்புத்தாள் போடுவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். வேலையை மேற்பார்க்கப் போகும் நாம், கலர் சரியா என்று கேட்பதற்கு முன்னால் மாஸ்க் எங்கே, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

முடிவுரை

நிறம் சேர்ப்பது மந்திரம் இல்லை. பழைய மரத்தைத் துடைத்துப் பார்ப்பது, ரேகை சேரும் பலகை வாங்குவது, அளந்து கலக்குவது, பூச்சோடு மாதிரி பார்ப்பது, எழுதி வைப்பது. இந்த ஐந்தும் யாரும் செய்யக்கூடியவையே.

நம் ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சும் பிளைவுட் துண்டுகளை வீணாக்காமல் வருஷத்துக்குப் பத்து மாதிரிப் பலகை செய்து, பின்னால் அளவு எழுதிச் சுவரில் மாட்டினால் என்ன? ஐந்து வருஷத்தில் 50 நிறம் சேர்ந்துவிடும். தென்காசி வட்டாரத்துப் பாலிஷ்காரர் யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம். அவர்கள் தங்கள் கலவையையும் நமக்குச் சொல்லிவிட்டுப் போகலாம். ஜூனியர் மாணவர்கள் இதைத் தொடங்குவார்கள் என்ற நம்பிக்கையோடு முடிக்கிறேன்.